உள்ளே இழுக்கும்போதா, வெளியே விடும்போதா?

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காலை ஏழரை மணி வரை வண்டிகள் கிடையாது. அதனால் விடியும் முன்பே சிட்டுவைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். சிட்டு நாட்டுநாய். செம்மண் நிறம், வலது முன்னங்கால் மட்டும் வெள்ளை. முத்தியால்பேட்டையில் ஒரு மாவுமில் வாசலில் சாக்குமேல் கிடந்த குட்டி. இப்போது பதினான்கு மாதம். படுத்தால் தூக்கம், எழுந்தால் ஓட்டம். நடுவில் எதுவும் கிடையாது.

அன்று காந்தி சிலையை நெருங்கும்போது ஒரு காக்கை தாழப் பறந்தது. சிட்டு எகிறினாள். கழுத்துப்பட்டை இறுகி அவளை நிறுத்தியது. அடுத்த நொடி நான்கு கால்களையும் அகட்டி ஊன்றி அசையாமல் நின்றாள். கழுத்து முன்னால் நீண்டது. முன்னங்கால் முட்டிகள் இரண்டும் வெளிப்பக்கமாகத் தள்ளின. வாய் மூடியிருந்தது, கண்கள் பிதுங்கின. மூக்கிலிருந்து ‘க்ர்ர்ஹ்க், க்ர்ர்ஹ்க், க்ர்ர்ஹ்க்’ என்று அடுக்கடுக்காக ஒரு சத்தம். ஒவ்வொரு சத்தத்துக்கும் உடம்பே குலுங்கியது. மூச்சு நிற்கப்போகிறது என்றே நினைத்தேன்.

தினமும் எங்களோடு நடக்க வரும் பெரியவர் ஒருவர், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற சொல்தா, ஓடிவந்தார். “ஏம்மா, எலும்பு மாட்டிக்கிச்சும்மா. வாயத் தொறந்து கைய வுட்டு எடும்மா, சீக்கிரம்!”

நான் மண்டியிட்டு அவள் தாடையைப் பிடித்துவிட்டேன். விரல் உதட்டுக்குள் போய்விட்டது. அதற்குள் அவள் ஒருமுறை விழுங்கினாள், நாக்கால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள், உடம்பை ஒரு உதறு உதறிவிட்டுக் காக்கை போன திசையைப் பார்த்து இழுக்கத் தொடங்கினாள். எல்லாம் அரை நிமிடம்கூட இருக்காது. என் கை நடுங்குவது நிற்கத்தான் வெகுநேரம் ஆனது.

சாயங்காலம் கால்நடை டாக்டரிடம் போனோம். ஒரு மணி நேரம் காத்திருந்தோம். பெஞ்சுக்கு அடியில் சிட்டு நிம்மதியாகத் தூங்கினாள். ஒரு சத்தம்? ஒரு செருமல்? இல்லவே இல்லை. நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு டாக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “சத்தம் மூச்சை உள்ளே இழுக்கும்போது வந்துதா, வெளியே விடும்போது வந்துதா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. பத்து அங்குல தூரத்தில் முகத்தை வைத்திருந்தவள் நான். பயத்தில் சத்தத்தைக் கேட்டேனே தவிர, மூச்சைக் கவனிக்கவில்லை. அந்தக் கேள்வி ஏன் அவ்வளவு முக்கியம் என்று தெரிந்துகொள்ளப் போய்த்தான் இந்தக் கட்டுரை.

இளநீர்க் கடையில் இப்போது காகித ஸ்ட்ரா தருகிறார்கள். கொஞ்ச நேரம் ஊறியதும் அது தளர்ந்துபோகும். அப்போது வேகமாக உறிஞ்சிப் பாருங்கள். ஸ்ட்ராவின் சுவர்கள் இரண்டும் உள்ளே வந்து ஒட்டிக்கொள்ளும், ‘கொர்ர்’ என்று சத்தம் வரும். அதே ஸ்ட்ராவில் ஊதுங்கள். சுவர்கள் விரிந்து வழிவிடும், சத்தம் வராது. நாயின் மூச்சுப்பாதையும் இதே கதைதான். மூச்சை இழுக்கும்போது மார்புக்குள் அழுத்தம் குறைகிறது. மூக்கு, தொண்டை, குரல்வளை, கழுத்தில் இருக்கும் மூச்சுக்குழல் ஆகிய மேல்பாதை முழுவதும் உறிஞ்சப்படும் ஸ்ட்ராபோல் உள்நோக்கி இழுபடுகிறது. அங்கே ஏற்கெனவே இடுக்கு இருந்தால் அது இன்னும் இடுங்கும், சத்தம் பிறக்கும். மார்புக்கூட்டுக்குள் இருக்கும் குழல்களின் நிலை நேர்மாறு. மூச்சை இழுக்கும்போது சுற்றியுள்ள நுரையீரலோடு சேர்ந்து அவையும் விரிகின்றன, வெளியே விடும்போது நெருக்கப்படுகின்றன. ஆகவே இழுக்கும்போது வரும் சத்தம் பெரும்பாலும் மூக்குக்கும் கழுத்துக்கும் நடுவில் எங்கோ பிறக்கிறது. விடும்போது வரும் சத்தம், வீஸ் வீஸென்ற இழுப்பு, மார்புக்குள் பிறக்கிறது. டாக்டர் கேட்டது சத்தத்தின் முகவரியை.

காற்று சீராக ஓடும் வரை சத்தமே இல்லை. வாய்க்கால் தண்ணீர் மாதிரிதான். அகலமான இடத்தில் ஓசையில்லாமல் நகர்கிறது, மதகில் நெருக்கும்போது சுழித்துக்கொண்டு இரைகிறது. மூச்சுப்பாதையில் ஓர் இடம் குறுகினால் காற்று அங்கே வேகமெடுத்துச் சுழல்கிறது. பக்கத்தில் தளர்வான சதை இருந்தால் அதுவும் சேர்ந்து படபடக்கிறது. பதினோராம் வகுப்பு இயற்பியலில் பாய்சொய் சமன்பாடு என்று படித்தோமே, அந்தப் பாய்சொய் ஒரு பிரெஞ்சு மருத்துவர். ரத்தம் மெல்லிய குழாய்களில் ஓடுவதைப் புரிந்துகொள்ளத்தான் அவர் கண்ணாடிக் குழாய்களில் அளந்தார். குழாயின் ஆரம் பாதியானால் தடை இரண்டு மடங்கு ஆவதில்லை, பதினாறு மடங்கு ஆகிறது. அந்தக் கணக்கு சீரான ஓட்டத்துக்கு உரியது. சுழித்து ஓடும் காற்றுக்குத் தடை அதற்கும் மேலே போகும். சின்ன நாயின் தொண்டையில் இரண்டு மில்லிமீட்டர் வீங்கினாலும் நிலைமை ஏன் சட்டென்று மோசமாகிறது என்பது இதில் விளங்கும்.

சத்தத்தை வைத்து உடம்புக்குள் இடம் கண்டுபிடிக்கும் கலையையும் பாரிஸில்தான் ஒழுங்குபடுத்தினார்கள். 1816இல் ரெனே லேனெக் என்ற மருத்துவர் ஒரு காகிதக் கற்றையைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் காதைக் கொடுத்தார். ஸ்டெதாஸ்கோப் அப்படிப் பிறந்தது. தான் கேட்ட சத்தங்களுக்கெல்லாம் பெயர் வைத்து அவர் புத்தகம் வெளியிட்டது 1819இல். நான்கே ஆண்டுகள் கழித்து, 1823இல், பிரெஞ்சுக்காரர்கள் நம் ஊரில் மருத்துவப் பள்ளி தொடங்கினார்கள். இன்றைய ஜிப்மருக்கு அதுதான் முன்னோடி. கால்நடை மருத்துவத்துக்கும் இதுபோல ஒரு தொடர்பு உண்டு. உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளிக்குப் பிரான்சின் லியோன் நகரில் அரசாணை கிடைத்த ஆண்டு 1761. அதே 1761 ஜனவரியில் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியைப் பிடித்துக் கோட்டையோடு ஊரையும் இடித்துத் தள்ளினார்கள். அந்தப் பள்ளி முதலில் கவனித்தது குதிரைகளையும் மாட்டுக் கொள்ளைநோயையும்தான். நாய்க்கு முறை வர வெகுகாலம் ஆனது. இன்று குருமாம்பேட்டில் இருக்கும் நமது கால்நடைக் கல்லூரி மருத்துவமனைக்கு ஆடு மாடுகளோடு நாய்களும் வருகின்றன.

சிட்டுவுக்கு வந்ததை ஆங்கிலத்தில் ‘ரிவர்ஸ் ஸ்னீஸ்’ என்கிறார்கள். தலைகீழ்த் தும்மல் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு ‘உள்தும்மல்’ என்ற சொல் பொருத்தமாகப் படுகிறது. தும்மல் என்பது என்ன? மூக்கின் முன்பகுதியில் தூசி ஒட்டியது, உடம்பு காற்றை வேகமாக வெளியே தள்ளி அதை விரட்டுகிறது. தூசியோ எரிச்சலோ மூக்கின் பின்கோடியில், மூக்கும் தொண்டையும் சேரும் இடத்தில் இருந்தால் வெளியே தள்ளிப் பயனில்லை. அதைப் பின்னுக்கு இழுத்துத் தொண்டைக்குக் கொண்டுவந்து விழுங்கிவிட வேண்டும். அதற்காகத்தான் வாயை மூடிக்கொண்டு, கழுத்தை நீட்டிக்கொண்டு, காற்றை மூக்கு வழியே வெட்டி வெட்டி உள்ளே இழுக்கிறது நாய். சளியைக் காறும்போது நாம் செய்வதற்குக் கொஞ்சம் நெருக்கமானது. அண்ணத்தின் பின்பக்கம் தொங்கும் மென்சதை அப்போது அதிர்கிறது, அதுதான் அந்தப் பயங்கரச் சத்தம். சில நொடிகளில் இருந்து ஒரு நிமிடம் வரை நீடிக்கும். விழுங்கியதும் நிற்கும். நின்ற மறுகணம் நாய் பழையபடி நாய்தான். மயக்கமோ சோர்வோ இருக்காது.

எது தூண்டும் என்றால் கழுத்துப்பட்டை இழுப்பு, வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகை, ஊதுபத்தி, செண்ட், பெருக்கும்போது கிளம்பும் தூசி, அவசரமாகத் தண்ணீர் குடிப்பது, வெறும் உற்சாகம். கடைசியாகச் சொன்னதை மக்கள் நம்ப மறுக்கிறார்கள். வேலைக்குப் போன ஆள் வீடு திரும்பியதும் சந்தோஷத்திலேயே உள்தும்மல் வருகிற நாய்கள் நிறைய உண்டு. செய்ய வேண்டியது, பதறாமல் பக்கத்தில் உட்கார்ந்து தாடைக்குக் கீழிருந்து மார்பு வரை தொண்டையை மெல்ல நீவிவிடுவது. நீவினால் விழுங்கத் தோன்றும். சிலர் மூக்குத் துளைகளை ஒரு நொடி விரலால் மூடுகிறார்கள், அதுவும் விழுங்க வைக்கும். எனக்கு நீவுவதுதான் பிடித்திருக்கிறது. அவளும் அதை விரும்புகிறாள்.

ஆனால் ஒரே நாளில் திரும்பத் திரும்ப வந்தால், ஒரு பக்க மூக்கில் மட்டும் சளியோ ரத்தமோ ஒழுகினால், முகத்தைக் கால்களால் தேய்த்துக்கொண்டே இருந்தால் அது வேறு கதை. மழைக்குப் பிறகு லாஸ்பேட்டைப் பக்கம் காலி மனைகளில் ஒட்டுப்புல் முளைத்துக் கிடக்கும். நம் வேட்டி, புடவைக் கரையில் ஏறுமே, அதே புல். அதன் விதைக்கு முன்னோக்கி நகர மட்டுமே தெரியும், பின்னால் வராது. மோப்பம் பிடிக்கும் இளம்நாயின் மூக்கில் அது ஏறினால் தானாக வெளியே வருவது அரிது. டாக்டர் மயக்கம் கொடுத்து, குழாய்க் கேமரா வைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

துள்ளும் வயதில் உள்ள நாய் ஓடும்போதும் ஓடி முடித்த பிறகும் போடும் சத்தங்கள் தனி ரகம். அவற்றில் பெரும்பாலானவை உடம்பின் அழகான வேலைதான். நாலுகால் பாய்ச்சலில் சிட்டு மணலில் ஓடி வரும்போது கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ‘ஹஃப், ஹஃப், ஹஃப்’ என்று தாளம் கேட்கும். டென்னிஸ் பிராம்பிள், டேவிட் கேரியர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1983இல் இதைப் பற்றி எழுதினார்கள். பாய்ந்து ஓடும் நாலுகால் விலங்குகள் ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு என்று கணக்காக விடுகின்றன. முன்னங்கால் தரையில் இறங்கும் அதிர்ச்சி மார்புக்கூட்டை நெருக்குகிறது. வயிற்றில் இருக்கும் குடலும் ஈரலும் முன்னும் பின்னும் ஆடி உதரவிதானத்தைத் தள்ளுகின்றன. ஓட்டமே மூச்சுவிடப் பாதி உதவி செய்துவிடுகிறது. இரண்டு காலில் ஓடும் நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை, ஒரு மூச்சுக்கு எத்தனை எட்டு என்பதை மாற்றிக்கொள்ள முடிகிறது. பாயும் நாயால் அது முடியாது.

ஓடி முடித்ததும் நாக்கைத் தொங்கப்போட்டு இரைப்பது களைப்பால் மட்டும் அல்ல. நாய்க்கு உடம்பெங்கும் வியர்க்காது, பாதத்தின் மெத்தைகளில்தான் கொஞ்சம் வியர்க்கும். சூட்டை வெளியேற்ற அதற்கு இருக்கும் பெரிய வழி மூச்சு. சும்மா இருக்கும் நாய் நிமிடத்துக்குப் பத்து முதல் முப்பது தடவை மூச்சு விடும். இரைக்கத் தொடங்கினால் அது படிப்படியாக ஏறுவதில்லை, ஒரே தாவலாக நிமிடத்துக்கு முந்நூறை ஒட்டிப் போய்விடும். யூஜின் கிராஃபோர்ட் என்பவர் 1962இல் இதற்குக் காரணம் காட்டினார். ஊஞ்சலுக்கு என்று ஒரு தாளம் இருக்கிறது அல்லவா, அந்தத் தாளத்தில் தொட்டால் போதும், சின்னக் குழந்தையால்கூடப் பெரியவரை ஆட்டிவிட முடியும். நாயின் மார்புக்கும் நுரையீரலுக்கும் அப்படி இயல்பான ஒரு அதிர்வு உண்டு. இரைப்பு அந்தத் தாளத்திலேயே நடக்கிறது. அதனால் குறைந்த உழைப்பில் நிறையக் காற்று வந்துபோகிறது. உழைப்பு கூடினால் அதுவே சூட்டைக் கிளப்பும், ஆற்றுவதில் பயன் இருக்காது.

1970இல் கனூட் ஷ்மிட்-நீல்சனும் அவருடைய சகாக்களும் இன்னொன்றைக் கண்டார்கள். இரைக்கும் நாய் காற்றைப் பெரும்பாலும் மூக்கு வழியே இழுத்து வாய் வழியே விடுகிறது. வறண்ட காற்று மூக்கின் ஈரமான மடிப்புகளைக் கடந்து போகிறது, ஈரம் ஆவியாகிறது, ஆவி சூட்டோடு வெளியேறுகிறது. அந்த ஈரத்துக்காகவே மூக்குக்குள் ஒரு சுரப்பி வேலை செய்கிறது என்று அடுத்த இரண்டு ஆண்டுகளில் கண்டுபிடித்தார்கள்.

நம் ஊரின் சிக்கல் இங்கேதான். வறண்ட காற்றில் ஈரம் சுலபமாக ஆவியாகும். கத்திரி வெயில் மாதத்தில் கடல்காற்று ஓய்ந்த சாயங்காலம் புதுச்சேரியில் துவைத்துப் போட்ட துணியே காயாது. அதே காற்று நாயின் மூக்குக்குள் போய் எவ்வளவு ஈரத்தைத்தான் எடுத்துக்கொள்ளும்? வெயில் இறங்கிவிட்டதே என்று ஐந்து மணிக்குப் பந்து வீசத் தொடங்குகிறோம். பந்து வருகிற வரை இளம்நாய் ஓடும், போதும் என்று சொல்ல அதற்குத் தெரியாது. இரைப்புச் சத்தம் கரகரப்பாக மாறினால், நாக்கு நுனி அகலமாகிக் கரண்டிபோல் வளைந்தால், எச்சில் நூலாக இறங்கினால், நடை தள்ளாடினால் ஆட்டத்தை அங்கேயே நிறுத்த வேண்டும். நாயின் இயல்பான சூடு 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். 106 என்பது உயிருக்கு ஆபத்து. முதலில் குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றுங்கள், விசிறுங்கள், பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஈரத்துண்டைப் போர்த்திவிட்டு ஆட்டோ தேடக் கூடாது. போர்த்திய துண்டு சூட்டை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும்.

இருமல் என்று வந்தால் நம் பாட்டிகளுக்குத் தெரிந்த ஒரு உறவுக்காரர் இங்கே இருக்கிறார். குழந்தைகளுக்குக் கக்குவான் வருமே, அதை உண்டாக்கும் பாக்டீரியாவின் நெருங்கிய சொந்தம்தான் நாய்களுக்குக் ‘கென்னல் காஃப்’ தரும் கிருமிகளில் ஒன்று. இரண்டுக்கும் போர்டெடெல்லா என்றே பெயர். 1906இல் கக்குவான் கிருமியைப் பிரித்தெடுத்த பெல்ஜிய விஞ்ஞானி ஜூல் போர்டேயின் பெயர் அது. நாய்க்கு வரும்போது இதோடு ஒன்றிரண்டு வைரஸ்களும் கூட்டுச் சேரும். வறட்டு இருமல், வாத்து கத்துகிற மாதிரி. ஒவ்வொரு இருமல் வரிசையின் முடிவிலும் ஓங்கரித்துக் கொஞ்சம் வெள்ளை நுரை. எலும்பு மாட்டியது என்ற முடிவுக்கு மக்கள் அதிகம் வருவது இந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான். ஊருக்குப் போகும்போது நாயைப் பராமரிப்பு விடுதியில் விட்டிருந்தீர்களா, இரண்டு வாரத்துக்குள் பல நாய்கள் கூடிய இடத்துக்குப் போனதா என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் தானாகவே ஆறும். ஆனால் காய்ச்சலும் கண்ணில் பீளையும் சேர்ந்தால், தடுப்பூசி போடாத குட்டியாக இருந்தால், டிஸ்டெம்பர் என்ற நோயாக இருக்கலாம். அதற்கு ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

பொமரேனியன் வைத்திருக்கும் வீடுகளில் வேறொரு வாத்துச் சத்தம் கேட்டிருப்பீர்கள். நாயின் மூச்சுக்குழல் வளையம் வளையமாகக் குருத்தெலும்பால் ஆனது, ஏறத்தாழ 35 முதல் 45 வளையங்கள். ஒவ்வொன்றும் முழு வட்டம் இல்லை, ஒரு பக்கம் திறந்த லாடம். சில சின்ன இனங்களில் இந்த லாடங்கள் தளர்ந்துபோய்க் குழல் தட்டையாகிறது. கழுத்துப்பட்டை இழுபட்டால், உற்சாகம் வந்தால் ‘ஹாங்க் ஹாங்க்’ என்று இருமும். நடுவயதில்தான் அதிகம் தெரியும் என்றாலும் இளம் வயதிலேயே தொடங்குவது உண்டு. இப்படிப்பட்ட நாய்க்கு மார்போடு கட்டும் பெல்ட் தவிர எதையும் போடக் கூடாது. உடம்பு எடை ஏறவும் விடக் கூடாது.

இனி எனக்கு மனம் கனக்கும் இடம். மூக்கே இல்லாமல் பிறக்க வைக்கப்படும் நாய்கள்.

2003இல் ஹட்ச் விளம்பரத்தில் ஒரு பையன் பின்னால் நடந்த பக் நாயை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதற்குப் பிறகு நாடெங்கும் பக் வளர்க்கும் ஆசை பரவியது. இப்போது பிரெஞ்சு புல்டாக் காலம். இங்கிலாந்தில் நாட்டிங்காம் நகரத்து லேஸ் தொழிலாளிகள் பிழைப்புத் தேடி நார்மண்டிக்குப் போனபோது கூடவே கொண்டுபோன சின்ன புல்டாக்குகளில் இருந்து பிரான்சில் உருவான இனம் அது. இந்த நாய்களுக்கு மண்டை எலும்பைத்தான் குறுக்கினார்கள், உள்ளே இருக்கும் சதையை யாரும் குறுக்கவில்லை. நாலு பேர் தூங்கும் பாயை ஒற்றை ஆள் கட்டிலில் விரித்த மாதிரி, மென்அண்ணம் நீண்டு குரல்வளை வாசலில் வந்து விழுகிறது. மூக்குத் துளை கீறல் அளவுக்குத்தான் திறந்திருக்கிறது. சிலவற்றுக்கு மூச்சுக்குழலும் குறுகல். ஒவ்வொரு மூச்சும் அந்தக் காகித ஸ்ட்ராவில் உறிஞ்சுவதுதான். இழுத்து இழுத்துக் குரல்வளையின் உள்சதை பிதுங்கி வெளியே வருகிறது, பாதை இன்னும் அடைகிறது.

“எங்க பக் குறட்டை விடும் பாருங்க, மனுஷன் மாதிரியே” என்று சிரித்தபடி வீடியோ காட்டுகிறார்கள். அது வேடிக்கை அல்ல. அந்தக் குட்டி உட்கார்ந்துகொண்டே தூங்குகிறது, தலையைச் சுவரில் சாய்த்து வைத்துத் தூங்குகிறது, வாயில் பொம்மையைக் கவ்விக்கொண்டு தூங்குகிறது என்றால், படுத்தால் மூச்சு அடைக்கிறது, வாய் திறந்திருந்தால்தான் காற்று வருகிறது என்று அது கண்டுகொண்டிருக்கிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இதற்கு எளிய சோதனை ஒன்றை வகுத்தார்கள். நாயின் மூச்சைக் குரல்வளைமேல் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்கிறார்கள். மூன்று நிமிடம் மிதமாக ஓட விடுகிறார்கள். மறுபடி கேட்கிறார்கள். ஓட்டத்துக்குப் பிறகு சத்தம் எவ்வளவு கூடியது என்பதைக் கொண்டு தரம் பிரிக்கிறார்கள். மூக்கின் நீளம் மண்டையின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது இல்லாத நாயை இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்று நெதர்லாந்து 2019இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2024இல் தமிழ்நாட்டு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையும் பக், பிரெஞ்சு புல்டாக் முதலிய இனங்கள் இந்த வெப்பத்துக்கு ஒவ்வாதவை என்று பட்டியலிட்டது. சிப்பிப்பாறையின் முகத்தைப் பக்கவாட்டில் பாருங்கள், ராஜபாளையத்தைப் பாருங்கள். அந்த நீண்ட மூக்கு முழுவதும் ஈர மடிப்புகள். இந்த மண்ணின் வெயிலில் முயலைத் துரத்த வேண்டிய நாய்க்கு அந்த மூக்கு வேண்டும். ஏற்கெனவே பக் வைத்திருப்பவரை நான் குறை சொல்லவில்லை. மூக்குத் துளையையும் அண்ணத்தையும் அறுவை செய்து வழி ஏற்படுத்த முடியும். சின்ன வயதிலேயே செய்தால் பலன் அதிகம். குறட்டையை ரசித்துக்கொண்டிருக்கும் நாட்கள்தான் வீணாகும் நாட்கள்.

பெரியவர் சொன்ன எலும்புக்கு வருகிறேன். எலும்பு தொண்டையில் மாட்டுவது உண்டா? உண்டு. ஆனால் அது பெரும்பாலும் போய்ச் சிக்குவது உணவுக்குழலில். அப்போது எச்சில் வழியும், மீண்டும் மீண்டும் விழுங்கும், சாப்பிட்டது அப்படியே வெளியே வரும். மூச்சுச் சத்தம் பெரிதாக இருக்காது. மூச்சுப்பாதையே முழுதாக அடைபட்டால் என்ன சத்தம் வரும்? எதுவுமே வராது. காற்று போனால்தானே சத்தம். வாயைப் பிளந்துகொண்டு, முன்னங்கால்களால் முகத்தைப் பிறாண்டிக்கொண்டு, ஓசையே இல்லாமல் தவிக்கும் நாய்தான் நிமிடங்களில் சாகக்கூடிய நாய். விளையாடும் நாயின் வாய்க்குப் பொருந்தாத சின்ன ரப்பர் பந்துதான் இதில் அடிக்கடி குற்றவாளி. கோழி எலும்பைப் பற்றிப் பயப்படும் வீடுகளில்கூட அந்தப் பந்து கிடக்கும். பந்து பின்பல்லுக்கு அப்பால் போக முடியாத அளவில் இருக்க வேண்டும்.

கையை விடச் சொன்னதில் இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது, அதை இந்த நாட்டில் எழுதாமல் இருக்க முடியாது. வெறிநோய் தொற்றிய நாய்க்கு எப்போதும் கடிக்கும் வெறி வரும் என்பதில்லை. சில நாய்களுக்குத் தாடையும் தொண்டையும் செயலிழந்துபோகும். வாய் தொங்கும், விழுங்க முடியாது, எச்சில் ஒழுகும், குரல்வளை நரம்பு பாதித்துக் குரைப்பு கரகரப்பாக மாறும். பார்க்கிறவர் கண்ணுக்கு எலும்பு மாட்டிய நாய்போலவே இருக்கும். இரக்கப்பட்டு வாய்க்குள் கையை விடுகிறார்கள். வைரஸ் இருப்பது அந்த எச்சிலில்தான். தடுப்பூசி விவரம் தெரியாத நாய், குரல் மாறிய நாய், வாய் மூட முடியாத நாய் என்றால் கை படவே கூடாது. பட்டுவிட்டால், ஒரு சின்னக் கீறலாக இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஊசிக்குப் போக வேண்டும். லூயி பாஸ்டர் முதல் சிறுவனுக்கு அந்த ஊசியைப் போட்டது 1885இல். குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் தொடங்கியது 1907இல். மருந்து நம் பக்கத்திலேயே நூறு ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது. இருந்தும் இந்த நோயில் ஒருவர் செத்தார் என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆறவே ஆறாது.

அன்று நான் சிட்டுவின் வாயில் விரலை விட்டேன். அவளுக்கு எல்லா ஊசியும் போட்டிருந்தேன். தெருவில் கிடக்கும் வேறொரு நாயாக இருந்தாலும் அந்த நிமிடத்தில் அதையேதான் செய்திருப்பேன்.

இப்போது வேறு பழக்கம் வந்துவிட்டது. சத்தம் கேட்டதும் கை முதலில் போவது போனுக்கு. இருபது நொடி வீடியோ, முகம் மட்டுமல்ல, விலாவும் தெரிகிற மாதிரி. டாக்டர் அறையில் ஒரு நாயும் சொன்ன நேரத்துக்கு இருமாது. அந்த வீடியோவில் விலா விரியும்போது சத்தமா, ஒட்டும்போது சத்தமா என்று அவர் பார்த்துக்கொள்வார். அடுத்து உதட்டைத் தூக்கி ஈறைப் பார்க்கிறேன். இளஞ்சிவப்பு என்றால் நேரம் இருக்கிறது. வெளிறியோ நீலமாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் வீடியோவும் வேண்டாம், வண்டியை எடுக்க வேண்டியதுதான். இரவில் அவள் ஆழ்ந்து தூங்கும்போது வயிறு ஏறி இறங்குவதை அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குகிறேன். பதினாறு, பதினெட்டு. முப்பதைத் தாண்டினால், மறுநாளும் தாண்டினால், சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட்டு மார்புப் பட்டை வாங்கிவிட்டேன். உள்தும்மல் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை.

போன வாரம் அதே கடற்கரைச் சாலையில், டூப்ளெக்ஸ் சிலைப் பக்கம், மறுபடியும் வந்தது. தரையில் உட்கார்ந்து தொண்டையை நீவிக்கொண்டிருந்தேன். அதே பெரியவர் வந்து நின்றார். இந்த முறை எதுவும் சொல்லவில்லை. கைத்தடியை ஊன்றிக் குனிந்து, கொஞ்ச நேரம் அவள் விலாவையே பார்த்தார்.

“உள்ள இழுக்கறப்பதாம்மா சத்தம் வருது.”

“ஆமாங்க ஐயா. மூக்குக்குப் பின்னால எரிச்சல். இப்ப நின்னுடும்.”

நின்றது. சிட்டு எழுந்து அவர் கையை நக்கினாள். அவர் கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். “துலூஸ்ல எம் பொண்ணு வீட்ல ஒண்ணு இருக்கு. மூக்கு சப்ப. தூங்கறப்பகூட இப்பிடித்தான் கொர்ரு கொர்ருன்னும். நாங்கல்லாம் சிரிப்போம்.”

“அதுவும் உள்ள இழுக்கறப்பதானான்னு கேட்டுப் பாருங்க. உக்காந்துக்கிட்டுத் தூங்குதான்னும் கேளுங்க.”

போனை எடுத்து எண்ணைத் தேடினார். பிறகு மணியைப் பார்த்தார். இங்கே காலை ஆறு.

“அங்க இன்னும் விடியலியே” என்று போனைப் பையில் வைத்துக்கொண்டார். “மத்தியானம் கூப்புட்டுக் கேக்கறேன்.”